கண்ணெதிரே மாறியும் காணாதவை

ஓர் ஆணும் பெண்ணும் எதிரெதிரே அமர்ந்து மதிய உணவு சாப்பிடும் புகைப்படம். அவர்களுக்குப் பின்னால் ஒரு கைப்பிடிக் கம்பி. படம் கணினித் திரையில் 240 மில்லி விநாடி தோன்றி மறைகிறது. 80 மில்லி விநாடிக்கு வெறும் சாம்பல் நிறத் திரை. மறுபடி அதே படம், மறுபடி சாம்பல் திரை. மூன்றாம் முறை வரும் படத்தில் கம்பியின் இடம் மாறியிருக்கிறது. அதுவும் இரண்டு முறை வந்துபோன பிறகு பழைய படம் திரும்புகிறது. இப்படியே மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கும். ஏதோ ஒன்று மாறுகிறது என்று பார்ப்பவருக்கு முன்கூட்டியே சொல்லியாயிற்று. எது மாறுகிறது என்று கண்டுபிடித்தால் போதும்.

ஒரு படத்திலிருந்து மற்றதற்கு ஒருமுறை மாறுவதை ஒரு சுற்று என்று கொண்டால், இந்தக் கம்பியைப் போன்ற மாற்றங்களைப் பிடிக்கச் சராசரியாக 17.1 சுற்றுகள், அதாவது ஏறக்குறைய 11 விநாடிகள் ஆயின. இடையே வரும் சாம்பல் திரையை மட்டும் எடுத்துவிட்டால் 1.4 சுற்றுகளில், ஒரு விநாடிக்குள், அதே மாற்றம் கண்ணில் பட்டுவிடுகிறது. படங்கள் அவையேதான், மாற்றமும் அதேதான். வித்தியாசம் அந்த 80 மில்லி விநாடி வெறுமையில்தான் இருக்கிறது.

இந்தச் சோதனையை ரொனால்ட் ரென்சிங்க், கெவின் ஓ'ரீகன், ஜேம்ஸ் கிளார்க் ஆகிய மூவரும் 1997இல் 'சைக்கலாஜிக்கல் சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ஆய்வுலகம் 'சேஞ்ச் பிளைண்ட்னஸ்' என்று அழைக்கும் இந்த நிகழ்வை இங்கே 'மாற்றம் காணாமை' என்று குறிப்பிடுகிறேன். பார்வை ஆராய்ச்சியில் அது கிளப்பிய விவாதம் பெரிது. ஆனால் அதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது, அது நம் திரைகளைப் பற்றிச் சொன்ன செய்தி. கட்டுப்பாட்டு அறைகளின் பெரிய பலகைகள் முதல் கையில் இருக்கும் செயலிவரை எல்லாமே ஒரு நம்பிக்கையில் செய்யப்பட்டிருக்கின்றன: திரையில் காட்டிவிட்டால் பயன்படுத்துபவர் பார்த்துவிட்டார் என்று பொருள். ரென்சிங்கின் ஆய்வுகள் கைவைத்தது இந்த நம்பிக்கையின் அடித்தளத்தில்.

ஆய்வு நடந்த இடத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில் நிஸான் கார் நிறுவனம் ஓர் அடிப்படை ஆராய்ச்சிக்கூடம் நடத்திவந்தது. ரென்சிங்க் 1990களின் பிற்பகுதியில் அங்கேதான் வேலை பார்த்தார். கார் நிறுவனத்துக்குக் கண்ணைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சாலைக்குக் கண்ணைத் திருப்பும் அந்தச் சிறு பொழுதில் சாலை மாறியிருக்கும். பார்த்தேன், ஆனால் வண்டி வந்தது தெரியவில்லை என்று விபத்துக்குப் பின் ஓட்டுநர்கள் சொல்வதுண்டு. அவர்கள் பொய் சொல்வதாகவே கேட்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வாக்குமூலம் உண்மையாக இருக்க முடியும் என்பதற்கு ஆய்வகச் சான்று இப்போது இருக்கிறது.

ரென்சிங்க் உளவியலில் மட்டும் வேரூன்றியவரல்லர். வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அங்கே இருந்தபோதே, 1990இல், உளவியலாளர் ஜேம்ஸ் என்ஸுடன் சேர்ந்து 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கவனம் போய்ச் சேருவதற்கு முன்னரே பார்வை ஒரு கனசதுரத்தின் முப்பரிமாணச் சாய்வையும் அதன்மேல் ஒளி விழும் திசையையும் கணித்துவிடுகிறது என்று அது காட்டியது. அந்த ஆரம்பக் கட்டம் கோடுகளையும் நிறங்களையும் மட்டுமே பொறுக்குகிறது என்று அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள். 2000இல் அதே பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகத் திரும்பியபோது உளவியல், கணினி அறிவியல் என்ற இரண்டு துறைகளிலும் அவருக்கு இடம் கிடைத்தது. அவர் விஷயத்தில் இது வெறும் நிர்வாக ஏற்பாடு அல்ல. கண் எப்படிப் பார்க்கிறது என்பதும் திரையை எப்படி அமைப்பது என்பதும் ஒரே கேள்வியின் இரண்டு பாதிகள் என்பதே அவருடைய ஆய்வு வாழ்க்கை முழுவதும் ஓடும் இழை.

சாம்பல் திரை செய்யும் வேலை என்ன? எதிரே ஏதாவது ஒன்று மாறும்போது விழித்திரையில் அந்த இடத்தில் சட்டென்று ஓர் அசைவு பதிகிறது. அந்த அசைவு கவனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. நாம் மாற்றத்தைக் கண்டுபிடிப்பதாக நினைக்கிறோம். உண்மையில் மாற்றம் நம்மைக் கூப்பிடுகிறது. இடையில் வெற்றுத்திரை வந்தால் படம் முழுவதிலும் ஒரே நேரத்தில் அசைவு எழுகிறது. உண்மையான மாற்றத்தின் குரல் அந்தக் கூச்சலில் அமுங்கிவிடுகிறது. பிறகு கவனம் ஒவ்வொரு பொருளாகப் போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

வெற்றுத்திரையே வேண்டும் என்பதுகூட இல்லை. 1999இல் இதே குழு 'நேச்சர்' இதழில் இன்னொரு சோதனையை வெளியிட்டது. படம் மாறும் கணத்தில் அதன்மேல் சில இடங்களில் சேறு தெறித்தாற்போலச் சிறு திட்டுகள் தோன்றி மறையும். மாறும் பொருளை அவை மறைப்பதில்லை. ஆனாலும் பார்ப்பவர்கள் மாற்றத்தைத் தவறவிட்டார்கள். கார்க் கண்ணாடியில் சேறு தெறிக்கும் ஓட்டுநரின் நிலை இதுதான். திரையின் ஒரு மூலையில் அறிவிப்புப் பட்டை துள்ளி எழும்போது வேறொரு மூலையில் ஓர் எண் மாறினால் நமக்கும் இதே கதிதான்.

கண் தானாகவே இத்தகைய வெற்றிடங்களை உண்டாக்குகிறது. விநாடிக்கு மூன்று நான்கு முறை அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறது. தாவும்போது காட்சி தெளிவாகப் பதிவதில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் கிரைம்ஸ் இந்தத் தாவலின்போது படத்தை மாற்றிப் பார்த்தார். முடிவுகளை 1996இல் வெளியிட்டார். ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவரின் தலைகளை ஒருவருக்கொருவர் மாற்றிவைத்தபோதும் பார்த்தவர்களில் பாதிப்பேர் அதைக் கவனிக்கவில்லை. ரென்சிங்கின் சோதனை இதற்கு அப்பால் சென்றது. சிக்கல் கண்ணின் தாவலில் இல்லை, கவனத்தில் இருக்கிறது என்று அது பிரித்துக் காட்டியது. பிரித்துக் காட்டிய முறையைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

சோதனைக்கு எடுத்த படங்களை முதலில் வேறு ஐந்து பேரிடம் காட்டி, சுருக்கமாக விவரிக்கச் சொன்னார்கள். மூன்று பேராவது குறிப்பிட்ட பொருள் படத்தின் மையப்பொருள். ஒருவரும் குறிப்பிடாதது ஓரப்பொருள். இங்கே மையம், ஓரம் என்பது இடத்தைப் பற்றியதல்ல, மனிதர்களின் அக்கறையைப் பற்றியது. மையப்பொருளில் மாற்றம் செய்தபோது அதைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 7.3 சுற்றுகள் போதுமாயின. ஓரப்பொருளுக்குத்தான் 17.1 சுற்றுகள். இத்தனைக்கும் ஓரப்பொருள் மாற்றங்களின் பரப்பளவு சற்றுப் பெரிதாகவே இருந்தது. மாறும் பொருள் எது என்று முன்கூட்டியே ஒரு சொல்லில் சொல்லிவிட்டால் தேடல் வெகுவாகக் குறுகியது. ஆக, கண்ணுக்குக் கிடைக்கும் தகவலில் குறையில்லை. கவனம் அந்த இடத்தில் இருந்தால் மாற்றம் தெரிகிறது, இல்லையென்றால் தெரிவதில்லை. அளவும் பளிச்சென்ற நிறமும் நம்மைக் காப்பாற்றிவிடும் என்று நம்பும் திரை வடிவமைப்பாளர் ஒவ்வொருவரும் இந்த இரண்டு எண்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இந்தக் கண்டுபிடிப்பை வைத்து ரென்சிங்க் 2000இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். கண்ணைத் திறந்தவுடன் காட்சி முழுவதும் சிறு சிறு துண்டுகளாக, முழு உருவாகத் திரளாத நிலையில், மனத்தில் எழுகிறது. அடுத்த பார்வை வந்ததும் அழிகிறது. கவனம் ஒரு கையைப் போல நாலைந்து துண்டுகளைப் பிடித்துச் சேர்த்து ஒரு பொருளாக்குகிறது. பிடித்திருக்கும்வரை அந்தப் பொருளுக்குத் தொடர்ச்சி உண்டு, அதில் நேரும் மாற்றமும் தெரியும். பிடியை விட்டதும் அது மீண்டும் உதிர்ந்துவிடுகிறது.

அப்படியென்றால் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிவதாக நமக்கு ஏன் தோன்றுகிறது? இங்கே அவருடைய கணினிப் படிப்பு கைகொடுக்கிறது. நினைவகம் குறைந்த ஒரு கணினியை இணையத்தோடு இணைத்துவிட்டால், எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் உடனே திறக்கிறது. உலகத்துப் பக்கங்கள் எல்லாம் அந்தக் கணினிக்குள்ளேயே இருப்பதாகத் தோன்றும். உள்ளே எதுவும் இல்லை. தேவைப்படும்போது வந்து சேர்கிறது, அவ்வளவுதான். பார்வையும் அவ்வாறே என்கிறார் ரென்சிங்க். எதை வேண்டுமானாலும் அது தேவைப்படும் கணத்தில் கண்ணைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடிகிறது. ஆகையால் எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். எங்கே கண்ணைத் திருப்ப வேண்டும் என்று வழிகாட்டுவது காட்சியின் பொதுவான பொருளும் பொருள்களின் இருப்பிடமும் பற்றிய ஒரு மெல்லிய அறிவு.

கோட்பாட்டை எல்லாரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆண்ட்ரூ ஹாலிங்வொர்த்தும் ஜான் ஹெண்டர்சனும் 2002இல் செய்த சோதனைகளில், முன்பு ஒருமுறை கவனித்துவிட்டு விட்ட பொருள்களைப் பற்றியும் மனிதர்களுக்குக் கணிசமான நினைவு இருப்பது தெரிந்தது. பிடி விட்டதும் எல்லாமே உதிர்ந்துவிடுவதில்லை. மாற்றத்தைக் காணவில்லை என்பதால் உள்ளே பதிவே இல்லை என்று முடிவுகட்டுவது தவறு. பதிவு இருந்தும் ஒப்பிடாமல் விட்டிருக்கலாம். இந்த எச்சரிக்கையை ரென்சிங்கும் தன் பிற்காலக் கட்டுரைகளில் வலியுறுத்துகிறார். மாற்றத்தைக் காணக் கவனம் வேண்டும் என்ற அடிப்படை முடிவை மட்டும் யாரும் அசைக்கவில்லை.

ஆய்வகப் படங்களில் நடப்பது நேர்வாழ்வில் நடக்குமா என்ற சந்தேகத்தை டேனியல் சைமன்ஸும் டேனியல் லெவினும் 1998இல் தீர்த்துவைத்தார்கள். கார்னெல் பல்கலைக்கழக வளாகத்தில் ஒருவர் வரைபடத்தோடு வந்து வழி கேட்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு இடையே நுழைந்து போகிறார்கள். அந்த மறைவில் வழி கேட்டவர் போய் வேறொருவர் அதே இடத்தில் நிற்கிறார். வழி சொன்ன 15 பேரில் 7 பேர்தான் ஆள் மாறியதை உணர்ந்தார்கள். இதைப் போன்ற மாற்றங்களை உங்களால் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டால் பெரும்பாலோர் கட்டாயம் முடியும் என்கிறார்கள் என்பதை லெவின் குழு 2000இல் தனியே ஆராய்ந்தது. என் பார்வையில் திரை வடிவமைப்புக்கு இதுவே பெரிய இடையூறு. தன் பார்வையின் எல்லை யாருக்கும் தெரிவதில்லை. வடிவமைப்பவருக்கு எங்கே மாற்றம் வரும் என்று தெரியும், அதனால் அவர் கவனம் அங்கேயே இருக்கிறது. பயன்படுத்துபவர் அதைத் தவறவிட்டால் அவருடைய அலட்சியமாகத் தெரிகிறது.

கட்டுப்பாட்டு அறைகளில் இந்தத் தவறுக்கு விலை அதிகம். போர்க்கப்பலில் விமானங்களையும் கப்பல்களையும் கண்காணிக்கும் திரையில் பல குறிகள் ஒரே நேரத்தில் நகர்ந்துகொண்டிருக்கும். கண்காணிப்பவர் வேறொரு வேலைக்காகப் பக்கத்துத் திரைக்குத் திரும்பிவிட்டு வருவதற்குள் ஒரு குறி திசை மாறியிருக்கலாம். அமெரிக்கக் கடற்படைக்காக நடந்த ஆய்வுகள், 2004இல் வெளியான ஜோசப் டிவிட்டா குழுவினருடையது உள்பட, மாற்றம் காணாமை இந்தத் திரைகளிலும் அப்படியே நிகழ்வதை உறுதிசெய்தன. ஹார்வி ஸ்மால்மனும் மார்க் செயின்ட் ஜானும் முன்வைத்த தீர்வு எளிமையானது. முக்கியமான மாற்றம் ஒவ்வொன்றும் வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டியலில் வரியாக விழும். எப்போது, எந்தக் குறி, என்ன மாறியது என்பது அதில் இருக்கும். வரிசையை மாற்றி அடுக்கலாம். ஒரு வரியைத் தொட்டால் வரைபடத்தில் அந்தக் குறி தனித்துத் தெரியும்.

இதற்குப் போட்டியாக இன்னொரு யோசனையும் இருந்தது. தவறவிட்ட காட்சியை வேகமாக ஓட்டிக் காட்டினால் போதாதா? பார்ப்பவர்களுக்கு அது பிடித்திருந்தது. சோதனையில் அது பட்டியல் அளவுக்கு உதவவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. ஓடும் காட்சியைப் பார்க்கவும் அதே கவனம்தான் வேண்டும். குறைவாக இருப்பதும் அதுதான். மாற்றத்தை அசைவாகக் காட்டினால் அந்த விநாடியோடு போயிற்று. எழுத்தாக நின்றால் கவனம் திரும்பி வரும்வரை அது காத்திருக்கும். வங்கிச் செயலியில் தவணைத் தேதி மாறியதையும் மருத்துவமனைத் திரையில் மருந்தின் அளவு மாறியதையும் ஒரு நொடி மின்னிக் காட்டிவிட்டு விடுவது போதாது. பழைய மதிப்பும் புதிய மதிப்பும் அருகருகே நிற்க வேண்டும்.

குறையையே வசதியாக்கிக்கொண்டவர்களும் உண்டு. கிர்ஸ்டன் கேட்டரும் உடன் ஆய்வாளர்களும் 2003இல், பார்ப்பவரின் கவனம் போகாத பகுதிகளைக் கணினி தரம் குறைத்து வரைந்தாலும் கண்டுபிடிக்கப்படுவதில்லை என்று காட்டினார்கள். கணக்கீட்டு நேரம் மிச்சமாகிறது. 2011இல் எவன் சூமா குழு மெய்நிகர் உலகத்தில் நடப்பவர்களுக்குப் பின்னால் கதவுகளின் இடத்தை மாற்றியது. அறைக்குள் நுழைந்த கதவு, அவர் திரும்பும்போது வேறு சுவரில் இருக்கும். சிறிய கூடத்துக்குள்ளேயே பெரிய கட்டடத்தைச் சுற்றிய உணர்வை இப்படித் தர முடிந்தது. கலந்துகொண்ட 77 பேரில் ஒருவர் மட்டுமே கதவு இடம்மாறியதை அறிந்தார்.

2004இல் ரென்சிங்க் வெளியிட்ட இன்னொரு முடிவு இன்றும் சர்ச்சைக்குரியது. மாற்றத்தைத் தேடுபவர்களிடம் இரண்டு முறை பொத்தானை அழுத்தச் சொன்னார். ஏதோ மாறுகிறது என்று உணர்ந்தவுடன் ஒருமுறை. என்ன மாறுகிறது என்று பார்த்தவுடன் இன்னொரு முறை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு உணர்வு, பார்வையை விட ஒரு விநாடிக்கு மேல் முந்தியது. காட்சி எதுவும் இல்லாத வெறும் உணர்வு அது. கண் வழியாகவே வரும் தனியொரு அறிதல் என்றார் அவர். சைமன்ஸ் குழு அடுத்த ஆண்டே மறுத்தது. சிலர் லேசாகச் சந்தேகம் தட்டியதுமே பொத்தானை அழுத்துகிறார்கள், சிலர் உறுதியான பிறகு அழுத்துகிறார்கள். இந்த இயல்பு வேறுபாடே போதுமான விளக்கம் என்பது அவர்கள் வாதம். எனக்கு இந்த மறுப்பில் வலு இருப்பதாகவே படுகிறது. ஆனால் இதையொட்டி ரென்சிங்க் கிளப்பிய திரை பற்றிய யோசனை அதனால் மதிப்பிழந்துவிடவில்லை. செய்துகொண்டிருக்கும் வேலையைக் கெடுக்காமல், 'ஏதோ ஒன்று' என்ற அளவில் மட்டும் உணர்த்தும் மென்மையான எச்சரிக்கைகளை உருவாக்க முடியுமா என்று 2002இலேயே ஒரு கட்டுரையில் அவர் கேட்டிருந்தார். அலறும் அறிவிப்புகளால் நிரம்பிய இன்றைய கைப்பேசிகளைப் பார்க்கும்போது அந்தக் கேள்வியின் அருமை தெரிகிறது.

அந்த 2002 கட்டுரையில் கவலைப்பட வேண்டிய யோசனை ஒன்றும் இருக்கிறது. கவனம் எப்படி நகரும் என்று முழுமையாகத் தெரிந்தால், ஒருவர் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக்கூடாது என்பதைத் திரையே தீர்மானிக்க முடியும். மேடை வித்தைக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது இதைத்தான். அவர்களுடைய உத்திகளை அறிவியலாக ஆராய வேண்டும் என்று குஸ்டாவ் கூனுடனும் அலிம் அம்லானியுடனும் சேர்ந்து 2008இல் அவர் எழுதினார். வித்தையைப் பார்க்கப் போகிறவர் ஏமாறச் சம்மதித்துப் போகிறார். இணையக் கடையில் பணம் கட்டுகிறவர் அப்படியல்ல. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இத்தகைய ஏமாற்று வடிவமைப்புகளில் 13 வகைகளைப் பட்டியலிட்டு நெறிமுறை வெளியிட்டது. பணம் கட்டும் கட்டத்தில் கேளாமலே ஒரு பொருளையோ நன்கொடையையோ கூடையில் சேர்ப்பது அவற்றில் ஒன்று. ஒரு பக்கம் மறைந்து அடுத்த பக்கம் தோன்றும் இடைவெளியில் மொத்தத் தொகை மாறுகிறது. வெற்றுத்திரைக்குப் பின் ஓரப்பொருளை மாற்றும் சோதனையின் அமைப்பே இதில் இருக்கிறது. தொகை திரையில்தானே இருந்தது என்ற பதிலை ஏற்றுக்கொள்ள இனி எந்த நியாயமும் இல்லை.

அண்மைக் காலத்தில் ரென்சிங்கின் கவனம் வரைபடங்களின் பக்கம் திரும்பியிருக்கிறது. பள்ளிப் புள்ளியியலில் வரும் சிதறல் விளக்கப்படம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு அளவுகளுக்கு இடையே உள்ள ஒட்டுறவை அது புள்ளிக் கூட்டமாகக் காட்டும். ஒட்டுறவு வலுவாக இருந்தால் புள்ளிகள் ஒரு கோட்டை நெருங்கும், இல்லையேல் மேகமாகச் சிதறும். 2010இல் கிடியன் பால்ட்ரிட்ஜுடன் சேர்ந்து அவர் இந்தப் படங்களை மனிதர்கள் எவ்வளவு நுட்பமாகப் படிக்கிறார்கள் என்று அளந்தார். ஒட்டுறவின் அளவில் 0.2க்கும் 0.25க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை, 0.9க்கும் 0.95க்கும் உள்ளது எளிதில் தெரிகிறது. ஒட்டுறவு 1ஐ நெருங்க நெருங்க, உணரத் தேவையான வித்தியாசம் நேர்கோட்டில் குறைந்துகொண்டே வருகிறது. எடைகளைக் கையில் தூக்கிப் பார்த்து எர்ன்ஸ்ட் வெபர் 19ஆம் நூற்றாண்டில் கண்ட விதியின் வடிவம் இது. நடுத்தர ஒட்டுறவுகளை நாம் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்பதும் இதே ஆய்வில் தெரிந்தது. 2014இல் லேன் ஹாரிசன் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு வேறு பல வரைபட வகைகளை இதே முறையில் அளந்து தரவரிசைப்படுத்தியது. எந்த வரைபடம் நல்லது என்பது அதுவரை பெரும்பாலும் அனுபவசாலிகளின் அபிப்பிராயமாக இருந்தது; ஒட்டுறவைப் பொறுத்தவரை அதற்கு ஓர் அளவுகோல் கிடைத்தது.

2022இல் வந்த கட்டுரையில் ரென்சிங்க், புள்ளியின் உயரத்துக்குப் பதிலாக அதன் நிறமோ பருமனோ சாய்வோ இரண்டாவது அளவைச் சுமக்கும்படி படங்களை மாற்றினார். கோட்டை நெருங்கும் புள்ளிக் கூட்டம் என்ற உருவமே அங்கே இல்லை. ஆனாலும் மனிதர்களால் ஒட்டுறவை மதிப்பிட முடிந்தது, அதுவும் இதே விதிகளின்படி. கண் படித்தது புள்ளிக் கூட்டத்தின் வடிவத்தை மட்டும் என்றால் இது நடந்திருக்க முடியாது. எந்தப் பொருளிலும் ஒட்டியிராத ஓர் உறவைப் பார்வை நேரடியாகவே எடுத்துக்கொள்கிறது என்று இதிலிருந்து கருத வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்கிறது என்பதைத்தான் இந்த ஆய்வுகள் இப்போது தேடிக்கொண்டிருக்கின்றன.